அலி ராஜா பாடிய புலம்பல்

லொஸ் ஏஞ்சலஸ்
8 மார்ச் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதப் பஞ்சிப்பட்டுப் போனேன் என்று திட்டாதீர்கள். இரவில் பெற்றோல் செட்டில் வேலை, பகலில் சினிமா. ஆம், சினிமாவேதான். நீங்கள் நீக்கிலாஸ் அத்தானைக் கூப்பிட்டு இதை வாசித்துக் காட்டிச் சிரிப்பது எனக்கு இங்கே கேட்கிறது.

பெரிதாக ஒன்றும் எண்ணிக்கொள்ள வேண்டாம். இவ்வளவு காலமும் கூட்டத்தில் ஒருவனாக நிற்கிற வேலைதான். ஒரு நாள் துவக்கோடு அரபுக்காரன், இன்னொரு நாள் பாம்பாட்டி. போன மாதம் மெக்சிக்கோக்காரனாகப் புல்லு வெட்டினேன். இந்த நாட்டுக்காரரிடம் இருப்பது இரண்டு பெட்டிகள், வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று. நடுவில் நிற்கிற எங்களை எங்கே போடுவதென்று தெரியாமல் கையில் அகப்பட்ட உடுப்பையெல்லாம் போட்டுப் பார்க்கிறார்கள். வேலை பிடித்துத் தருகிற பெண் என் பெயரையும் மாற்றிவிட்டாள். மடுத்தீன் என்ற பெயர் என் முகத்துக்குப் பொருந்தவில்லையாம். இப்போது நான் அலி ராஜா. அதில் ஒரு முஸ்லிமும் ஒரு இந்துவும் இருக்கிறார்கள், நான் மட்டும் இல்லை.

இங்கே எனக்கு ஒரு சிநேகிதன், லோறன்ஸ் என்ற கறுப்பு அமெரிக்கன். நாடகப் பள்ளியில் படித்துத் தேறியவன். ஆனால் பல வருடமாகக் கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடுகிற கள்ளன் வேடம்தான் கிடைக்கிறது. நான் என் பாட்டைச் சொல்லிப் புலம்பினால் அவன் சொல்வது இதுதான்: "உன்ரை பாடு பரவாயில்லை. நீ ஆரெண்டு அவங்களுக்குத் தெரியாது. என்னைத் தெரியுமெண்டு நினைக்கிறாங்கள்."

இப்போது எனக்கு வாய் திறக்கிற வேடம் ஒன்று கிடைத்திருக்கிறது. ஏதோ ஒரு தீவில் மனிதரைப் பலி கொடுக்கிற காட்டுமிராண்டிகள் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். நான் அவர்களுடைய பூசாரி. என் நிறம் போதாதென்று இன்னும் கறுப்பு மை பூசி, மூக்கில் வளையமும் தலையில் எலும்பும் வைத்தார்கள். மற்றக் காட்டுமிராண்டிகள் அனேகமாக மெக்சிக்கோக்காரரும் பிலிப்பினோக்காரரும். நேற்று வெள்ளிக்கிழமை, சாப்பாடாக வந்ததெல்லாம் இறைச்சி. தபசுகாலத்து வெள்ளியில் இறைச்சி ஆகாது அல்லவா, ஒருவரும் தொடவில்லை. எலும்புகளோடு நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு வெறும் பாணைத் தின்றோம். டைரக்டர் வந்து என்ன பிரச்சினை என்று கேட்டான். நாங்கள் கத்தோலிக்கர் என்றேன். அதை வெளியில் சொல்லாதே, படத்துக்குக் கூடாது என்றான்.

பலி கொடுக்கிற இடத்தில் பூசாரி சாபம் போட வேண்டும். உன் பாஷையில் எதையாவது சொல், யாருக்கும் விளங்கப் போவதில்லை என்றார்கள். நடிப்புக்கென்றாலும் ஒரு பெண்பிள்ளையின் முகத்தைப் பார்த்து நாசமாய்ப் போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மா எங்களை அப்படி வளர்க்கவில்லை. அதனால் நல்ல வார்த்தைகளையே சொல்லிவிட்டேன். என்ன சொன்னேன் என்பதை இப்போது எழுத மாட்டேன். படம் வரும்போது கேளுங்கள், சந்தோஷப்படுவீர்கள்.

அன்புத் தம்பி
மடுத்தீன்


லா ஷப்பேல், பாரிஸ்
12 ஏப்ரல் 1986

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் லா ஷப்பேல் முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. கசெற் கடை பொன்னம்பலத்தார், படம் வந்தவுடன் முதல் கொப்பி தனக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார். மரக்கறி வாங்கப் போனால் "அமெரிக்க நடிகரின்ரை அக்கா வாறா" என்கிறார்கள். எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துதான் போகிறது, மறைப்பானேன். அந்தப் பெயர் மட்டும் பிடிக்கவில்லை. ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை யாரோ ஒருத்தி கழற்றி வைப்பதற்கு அது என்ன தொப்பியா?

இங்கே பெரிய வெள்ளி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. பிரெஞ்சுக் கோவிலில் போய்க் கட்டை மாதிரி நின்றுவிட்டு வந்தோம். சுவாமி ஏதோ வாசித்தார், ஒரு கண்ணிலும் தண்ணீர் இல்லை. ஊரில் ஆண்டவரின் சுரூபத்தைச் சிலுவையால் இறக்கி ஆசந்திப் பாடையில் கிடத்தினதும் அம்மா மாதா புலம்பலை எடுப்பாவே, அதை நினைத்துக்கொண்டு நின்றேன். "பெத்த வயிறு பத்தி எரியுதே என் மகனே" என்ற முதல் அடி வந்தவுடன் கோவில் முழுக்க முழங்காலில் விழும். யாரும் விழச் சொல்வதில்லை, கால் தானாக மடியும். மேரிறோஸ் மாமியிடம் இதைச் சொன்னேன். அவவும் எங்கள் கோவில் ஆள்தானே, ரோட்டிலேயே நின்று அழுதா.

பிறகு நான் துணிந்து அந்தக் கோவில் பெர்னார் சுவாமியிடம் கேட்டேன். வருகிற வருடம் பெரிய வெள்ளிக்குக் கோவில் மண்டபத்தைத் தமிழர்களுக்குத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். நான்தான் புலம்பல் பாட வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அம்மாவின் குரல் எனக்கு இல்லை. ஆனாலும் மெட்டுத் தப்பாது.

ஊரில் அம்மா படுக்கையோடு படுக்கை. கொழும்பால் வந்த ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறா. அவ சொன்னபடியே எழுதுகிறேன்: "என்ரை சாவுக்கு ஒருத்தரும் வரேலாதெண்டு தெரியும். அதுக்கு அழ வேண்டாம். இம்மாகுலேற் இருக்கிற இடத்திலை நிண்டு எனக்குப் புலம்பலைப் பாடட்டும். அது காணும்." ஊருக்கெல்லாம் பாடியவ தனக்குக் கேட்டது அது ஒன்றைத்தான். அந்த நாள் வரும்போது எனக்குக் குரல் கட்டிப் போகக் கூடாது என்பதுதான் இப்போது என்னுடைய செபம்.

உன் அக்கா
இம்மாகுலேற்


லா ஷப்பேல், பாரிஸ்
18 ஜனவரி 1987

மடுத்தீன்,

நேற்று உன் படம் பார்த்தோம்.

எங்கள் அறை உனக்குத் தெரியாது. கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சாத்தினால்தான் நாலு பேர் இருக்கலாம். அதற்குள் திரான்சியிலிருந்தும் எபினேயிலிருந்தும் ஆட்கள் வந்து நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். நான் பகல் முழுக்க மீன் றோல்ஸ் பொரித்தேன். மேரிறோஸ் மாமி கோவிலுக்குக் கட்டுகிற சீலையில் வந்தா. எங்கள் ஊர்ச் சவிரிமுத்து அண்ணை ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிற வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். என் மகள் பேர்ளி மாமாவைப் பார்க்கப் போகிறேன் என்று என் மடியில் இருந்து துள்ளினாள்.

படம் முழுவதையும் பிரெஞ்சில் மாற்றிப் பேசியிருந்தார்கள். எங்களில் பாதிப் பேருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. வெள்ளைக்காரர் ஓடினார்கள், சுட்டார்கள், முத்தம் கொடுத்தார்கள். பிறகு நீ வந்தாய். மூக்கு வளையமும் மையும் எலும்பும். பின்னால் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு பிசாசுச் சிலை, முன்னால் கட்டிப் போட்ட அந்தப் பெட்டை. "மாமா எங்கை?" என்று பேர்ளி கேட்டாள். இதுதான் மாமா என்று காட்ட எனக்குக் கை வரவில்லை.

நீ வாயைத் திறந்தாய். எல்லாவற்றையும் பிரெஞ்சாக்கினவர்கள் உன் பேச்சை மட்டும் அப்படியே விட்டிருந்தார்கள். காட்டுமிராண்டி குரைப்பதை யார் மாற்றுவார்கள்? அந்தப் படத்தில் எங்களுக்கு விளங்கிய ஒரே வசனம் நீ சொன்னதுதான், அதுவும் அம்மாவின் மெட்டிலேயே. பெத்த வயிறு பத்தி எரியுதே என் மகனே.

தம்பி, மேரிறோஸ் மாமி முழங்காலில் விழுந்துவிட்டா. சீலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு விழுந்தா. சவிரிமுத்து அண்ணை விழுந்தார், ஊரார் எல்லோரும் விழுந்தார்கள். பேர்ளியை இறக்கிவிட்டு நானும் விழுந்தேன். யோசித்து விழவில்லை, கால் மடிந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் எங்களுக்கு முன்னால் ரீவி, அதற்குள் அந்தச் சிலை, அதற்குப் பக்கத்தில் நீ. பிசாசுக்கு முன்னால் முழங்காலில் நிற்கிறோம். பின்னால் இருந்த ஊர் தெரியாத இளந்தாரி ஒருவன் பகிடி என்று நினைத்துச் சிரித்தான்.

எல்லோரும் எழும்பிச் சப்பாத்தைப் போட்டார்கள். றோல்ஸ் அப்படியே கிடந்தது. சவிரிமுத்து அண்ணை மட்டும் வாசலில் நின்று, "உன்ரை தம்பி மாதாவைக் கொண்டுபோய் ஆரிட்டை விட்டிருக்கிறான் பார்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் குசினித் தொட்டியில் குனிந்து தின்றதெல்லாம் சத்தி எடுத்தேன்.

இதைக் கேட்டு நான் சந்தோஷப்படுவேன் என்று எழுதியிருந்தாய். எந்த வாயால் எழுதினாய்?

இம்மாகுலேற்


லொஸ் ஏஞ்சலஸ்
2 பெப்ரவரி 1987

அக்காவுக்கு,

சத்தி எடுத்தீர்களாம். நான் எத்தனை தரம் எடுத்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்தீர்களா? அந்த மையைக் கழுவும்போதெல்லாம் எனக்குக் குமட்டும். கழுவக் கழுவக் கீழே என்னுடைய நிறம் வரும், அதுவும் அவர்களுக்கு அழுக்குத்தான்.

நான் மாதாவை விற்கவில்லை. ஒரு பெண்ணைச் சபிக்கச் சொன்னார்கள், சபிக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்குப் பாடமாக இருந்த நல்ல வார்த்தை அது ஒன்றுதான். கெட்ட வார்த்தை சொன்னால்தான் பாவம், நல்லதைச் சொன்னால் எந்த இடத்திலும் நல்லதாகவே நிற்கும் என்று நினைத்தேன். அங்கே நிற்கவில்லை, எனக்கும் தெரிகிறது. முதல் தரம் சொன்னபோது டைரக்டர் கையைத் தட்டினான். பயங்கரம், இன்னும் சத்தமாகச் சொல் என்றான். திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தான். கடைசித் தரம் அம்மாவின் ஞாபகம் வந்து நான் உண்மையாகவே அழுதுவிட்டேன். அந்த அழுகையைத்தான் எடுத்துப் படத்தில் போட்டிருக்கிறார்கள். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது மிருகம் ஊளையிடுகிற மாதிரித்தான் கேட்டது.

உங்களைத் தவிரத் தமிழ் தெரிந்த ஒருவரும் அதைப் பார்க்கப் போவதில்லை என்று நினைத்தேன் என்பதும் உண்மை. லா ஷப்பேலில் பொன்னம்பலத்தாரின் கசெற் கடை இருப்பது அந்த நேரம் என் மூளையில் ஏறவில்லை.

சவிரிமுத்து அண்ணையிடம் சொல்லுங்கள், அவர் அங்கே வெள்ளைக்காரன் தின்ற கோப்பையைக் கழுவுகிறார், நான் இங்கே வெள்ளைக்காரன் கண்ட கனவைக் கழுவுகிறேன். இரண்டு பேருடைய கையும் நாறத்தான் செய்யும்.

மடுத்தீன்


லா ஷப்பேல், பாரிஸ்
9 மார்ச் 1987

தம்பி,

நல்லாய் எழுதுகிறாய். கோப்பையை யாரும் முழங்காலில் நின்று கும்பிடுவதில்லை என்பதை மட்டும் மறந்துவிட்டாய்.

கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு எழுத வேண்டும் என்றுதான் இவ்வளவு நாள் பொறுத்தேன். வைக்க முடியவில்லை, எடுத்துக்கொண்டே எழுதுகிறேன். தபசுகாலம் தொடங்கிவிட்டது. பொன்னம்பலத்தாரின் கடை வாசலில் நிற்கிற பெடியள் என்னைக் கண்டால் கையை மேலே தூக்கி, கண்ணை உருட்டி, "பெத்த வயிறு" என்று ஊளையிடுகிறார்கள். அவர்களுக்கு அது மாதா புலம்பல் இல்லை, அமெரிக்கப் படத்துப் பேய்ப் பாட்டு. கடைக்காரர் துரத்துகிறார், திரும்பவும் வருகிறார்கள். அந்தக் கசெற்றை வாடகைக்கு விட வேண்டாம் என்று நான் கேட்டேன். இப்போது அதற்குத்தான் கிராக்கி என்கிறார், முகத்தைப் பார்க்காமல்.

அதையும் தாங்கிக்கொள்வேன். என்னால் தாங்க முடியாதது வேறு. வேலைக்குப் போக முன் ஒவ்வொரு நாளும் குசினியில் நின்று பாடிப் பழகுகிறேன். முன்பெல்லாம் முதல் அடியை எடுத்தால் அம்மாவின் முகம் வரும், வெள்ளைச் சீலை வரும், மெழுகுதிரி மணம் வரும். இப்போது அந்த எலும்பும் வளையமும் வருகிறது. வாய் கசக்கிறது. சாமான் கழுவுகிற துணியை யாரோ என் வாய்க்குள் அடைத்த மாதிரி இருக்கிறது. எங்கள் அறைக்குள் வந்து என் தொண்டைக்குள் கையை விட அவர்களுக்கு யார் வழி காட்டியது? நீதான் காட்டினாய்.

அம்மாவுக்குக் கூடின கடுமையாம். கஞ்சியும் இறங்கவில்லையாம். நாளை ஒரு செய்தி வந்தால் நான் எதைப் பாடுவேன்? அந்தப் படக் கொம்பனிக்கு எழுது. உன் குரலை வெட்டி எடுக்கச் சொல்லு. உன்னால் முடியாவிட்டால் இங்கே வந்து, அந்த மை இல்லாத முகத்தோடு, மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால் நீயே நின்று பாடு. பெடியள் அதைப் பார்க்கட்டும். நானும் பார்த்தால்தான் என் கண்ணிலிருந்து மற்றது போகும்.

இம்மாகுலேற்


லொஸ் ஏஞ்சலஸ்
29 மார்ச் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

கொம்பனிக்கு எழுதினேன். என் குரலும் முகமும் இனி அவர்களுடையவை, எல்லாவற்றுக்கும் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று பதில் வந்தது. கடிதம் அலி ராஜா அவர்களுக்கு என்று தொடங்கியிருந்தது. வருவதைப் பற்றி என்ன சொல்ல? விசா முடிந்து நெடுநாள். வெளியே போனால் திரும்ப வர முடியாது, உங்கள் பக்கமும் உள்ளே விடமாட்டார்கள்.

போன கடிதத்தில் வாய்வீச்சு வீசினேன். இதை அப்போதே எழுதியிருக்க வேண்டும், எழுத மனம் கூசியது. இங்கே ஒக்டோபர் கடைசி நாளில் பிள்ளைகள் பேய் வேடம் போட்டு வீடு வீடாக வந்து பயப்படுத்தி இனிப்பு வாங்குவார்கள். போன வருடம் படம் நல்லாய் ஓடியதால் கடைகளில் என் முகம் ரப்பரில் வந்திருந்தது. மூக்கு வளையத்தோடு, விலை ஒட்டி, கொழுக்கியில் தொங்கியது. நான் அதை எடுத்துப் பார்த்தேன். உள்ளே செருப்பு மணம்.

அந்தக் கடைசி நாள் பின்னேரம் கதவைத் தட்டினார்கள். திறந்தால் என் முகத்தைப் போட்டுக்கொண்டு ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை நிற்கிறது, ஏழு எட்டு வயதிருக்கும். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கி அம்மாவின் புலம்பலைச் சொல்லியது. சொற்கள் எல்லாம் சிதைந்து போயிருந்தன. மெட்டு மட்டும் அப்படியே இருந்தது, அக்கா. அந்த இழுவை, அம்மா மூச்சை விட்டு எடுக்கிற அந்த இடம், எல்லாம். தாய்க்காரி பின்னால் நின்று பூரித்துப் போனாள். மாமாவுக்கு இன்னொரு தரம் செய்து காட்டு என்றாள். பிறகு என்னைப் பார்த்து, நீங்கள் மெக்சிக்கோவா என்று கேட்டாள். நான் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் பையில் இனிப்பைப் போட்டேன். என்னை நானே அவ்வளவு வெறுத்தது அன்றைக்குத்தான்.

உங்கள் கடிதத்தை லோறன்ஸுக்கு வாசித்துக் காட்டினேன். அவன் கள்ளன் வேடத்துக்கு உடுத்துக்கொண்டு இருந்தான். தொடக்க காலத்தில் அவனைப் பருத்தித் தோட்டத்து அடிமையாக நின்று ஏதாவது பாடு என்று கேட்டார்களாம். இவன் தகப்பனை அடக்கம் செய்தபோது பாடிய வேதப் பாட்டைப் பாடிக் கொடுத்தானாம். பிறகு அதையே கோழிப் பொரியல் விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டார்களாம். "அதுக்குப் பிறகு நான் கோயிலுக்குப் போறேல்லை" என்றான். சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டு எழும்பிப் போனான்.

அவன் விட்ட மாதிரி நீங்கள் விட்டுவிடாதீர்கள். நீங்கள் பாடுங்கள். அம்மாவுக்குப் பாட இனி இருப்பது உங்கள் வாய் ஒன்றுதான், என்னுடையதைக் கொடுத்துவிட்டேன்.

மடுத்தீன்


லா ஷப்பேல், பாரிஸ்
3 மே 1987

தம்பி,

தந்தி கிடைத்திருக்கும். அம்மா உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த கிழமை போய்ச் சேர்ந்தா. கடையின் போனுக்குச் செய்தி வந்தது, பொன்னம்பலத்தார் படியேறி வந்து சொன்னார். ஊரில் ஷெல்லடிக்குப் பயந்து அவசரம் அவசரமாக எடுத்தார்களாம். அங்கே புலம்பல் பாட ஒருவரும் இருக்கவில்லை.

பெரிய வெள்ளிக்கு மண்டபத்தில் நான் பாடவில்லை. தொண்டை நோ என்று பொய் சொன்னேன். செபமாலை சொல்லி முடித்தோம், பெர்னார் சுவாமிக்கு வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த வருடத்துக்குள் பெடியள் வேறு படம் பார்ப்பார்கள், எனக்கும் மறந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அம்மா அடுத்த வருடம் வரைக்கும் இருப்பா என்றும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

செய்தி வந்த அன்று பின்னேரம் அறையில் கட்டிலை நிமிர்த்திவிட்டு அம்மாவின் படத்தை வைத்து மெழுகுதிரி கொளுத்தினோம். எல்லோரும் வந்தார்கள். சவிரிமுத்து அண்ணையும் வந்தார். உன்னைப் பற்றி ஒருவரும் ஒரு சொல்லும் கேட்கவில்லை, அதை மட்டும் நன்றியோடு சொல்கிறேன். செபம் முடிந்ததும் மேரிறோஸ் மாமி என் கையைப் பிடித்து, "பாடு பிள்ளை. கொம்மா பாத்துக்கொண்டு இருக்கிறா" என்றா.

எழும்பி நின்றேன். உன் கடிதத்தைத்தான் நினைத்தேன், விட்டுவிடாதே என்று எழுதியிருந்தாயே. கண்ணை மூடவில்லை, மூடினால் நீ வந்துவிடுவாய் என்று அம்மாவின் படத்தையே பார்த்துக்கொண்டு எடுத்தேன். குரல் வந்தது, தம்பி. எனக்கே தெரியாத குரல். அம்மா எடுக்கிற மாதிரியே எடுத்தேன். மாமி முழங்காலில் விழுந்தா, எல்லோரும் விழுந்தார்கள். உன் முகம் வரவில்லை. அம்மா மட்டும் இருந்தா.

இரண்டாவது அடிக்குப் போகவில்லை, பேர்ளி கத்தத் தொடங்கினாள். அழுகை இல்லை, கழுத்தை நெரித்த மாதிரி ஒரு கத்தல். காதைப் பொத்திக்கொண்டு, முழங்காலில் நின்றவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு, நிமிர்த்திவைத்த கட்டிலுக்குப் பின்னால் போய் ஒளித்தாள். அத்தான் கிட்டப் போகக் கடித்துவிட்டாள். எனக்குத் தெரியும், இன்னும் கொஞ்ச நேரம் பாடினால் முடித்துவிடலாம். எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அம்மாவை விட்டுவிட்டுப் போய்ப் பிள்ளையைத் தூக்கினேன். அதற்குப் பிறகு ஒருவரும் பாடவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார்கள்.

உன்னைத் திட்ட எனக்கு இப்போது தெம்பு இல்லை. அந்த டைரக்டரை, அந்த ரப்பர் முகத்தை விற்றவனை, பிள்ளையை இன்னொரு தரம் செய்து காட்டச் சொன்ன அந்தத் தாயை, எல்லோரையும் ஒன்றாக வைத்துக் காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது. அவர்களுக்கு அது படாது. இனி எனக்குக் கடிதம் எழுதாதே என்று சொல்லவில்லை, எழுது. ஆனால் பாடச் சொல்லி எழுதாதே.

எல்லோரும் போன பிறகு பேர்ளி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு பிரெஞ்சில் கேட்டாள். பேயின் பாட்டு உனக்கு எப்படித் தெரியும், உனக்கு அதை யார் சொல்லித் தந்தது என்று கேட்டாள். அம்மாவின் படம் எங்களுக்கு முன்னால்தான் இருந்தது. அதைக் காட்டி அம்மம்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு அந்தப் பாட்டே தெரியாது என்று பிள்ளைக்குச் சொன்னேன்.

இம்மாகுலேற்